அம்மணி வந்த ஊர்

நத்தக்காட்டுப்புதூருக்கு அம்மணி என்கிற வார்த்தை வந்து சேர்ந்த அன்று காலையில், மயிலாள் தேங்காய்க் களத்தில் குந்தி உட்கார்ந்து, முந்தின நாள் உடைத்த மூடிகளை வெயிலுக்கு முகம் காட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். களத்துக்காரர் சென்னியப்பன் எல்லா நாளும் வருவதுபோல் வந்து, எல்லா நாளும் போல் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, எல்லா நாளும் போல் தொண்டையைச் செருமிக் காறித் துப்பிவிட்டு, எல்லா நாளும் போல் அவளை ஏ புள்ளே என்று கூப்பிட வாயைத் திறந்தார்.

"அம்மணி, அந்தக் காலிச் சாக்கக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்றது வாய்.

மயிலாள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். களத்துக்காரர் வீட்டுப் பெண்கள் யாராவது வந்து நிற்கிறார்களோ என்று நினைத்தாள். பின்னால் தேங்காய் மூடிகளும் ஒரு காக்கையும்தான் இருந்தன. சென்னியப்பனும் திரும்பிப் பார்த்தார், தன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு தன் குரலில் பேசியவன் யாரென்று.

அந்தப் பக்கத்து ஊர்களில் அம்மணி எல்லாருக்கும் தெரிந்த வார்த்தைதான். தோட்டமும் களமும் உள்ள வீட்டில் பெண் பிறந்தால் பேர் வைக்கும் முன்பே அதற்கு அம்மணி என்றுதான் பேர். அது வளர்ந்து பள்ளிக்கூடம் போனாலும் அம்மணி, பவுன் போட்டு வேறு ஊருக்குக் கட்டிக் கொடுத்தாலும் அம்மணி, விருந்துக்கு வருகிற பேர் தெரியாத வீட்டுப் பெண்ணும் அம்மணி. ஆனால் அந்த வார்த்தைக்கு ஒரு எல்லை இருந்தது. கூலிக்காரச் சனங்கள் குடியிருக்கும் தெற்கு வளவுக்குப் பிரியும் இட்டேரிப் பாதையின் முனைவரை வந்து, அங்கேயே நின்றுகொள்ளும். வளவுப் பெண்களுக்கு ஏய், ஏ புள்ளே, அடியே, கோபம் வந்தால் இங்கே எழுத முடியாத இன்னும் சில. மயிலாளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அரைக்கால் சட்டை போட்ட பண்ணை வீட்டுப் பிள்ளைகூட "ஏ மயிலா, பந்த எடுத்துப் போடு" என்று சொல்லும், அவளும் எடுத்துப் போடுவாள். அதில் வருத்தப்பட ஒன்று இருக்கிறது என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

சென்னியப்பன் மறுபடியும் வாயைத் திறந்தார். "நான் கூப்புட்டது உங்களத்தானுங்க அம்மணி" என்று வந்தது. முகம் சிவந்து, கையை ஓங்கி, திட்டுவதற்கு மூச்சை இழுத்தார். "தயவுபண்ணி வெசையா வாங்க அம்மணி" என்று வந்தது. விரலால் நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது எப்போதும்போல் ஈரமாக, எப்போதும்போல் சொந்தமாகத்தான் இருந்தது. சாக்கை மயிலாள் கொண்டுவந்து காலடியில் போடுவதற்குள் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஊருக்கே வந்துவிட்டது. பேக்கரியில் டீ ஆற்றுகிறவர் பாத்திரம் கழுவும் பெண்ணை அம்மணி என்றார். பஞ்சாயத்து ஆபீசில் குப்பை வண்டி தள்ளும் பெண்களை அம்மணிகளே என்று கூப்பிட்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைந்த பஸ்ஸில், அக்கரையில் "ஏம்மா, தள்ளி நில்லு" என்று விரட்டிக்கொண்டு வந்த கண்டக்டர், இக்கரைக்கு வந்ததும் "அம்மணி, கம்பியப் புடிச்சுக்குங்க, உழுந்தறப் போறீங்க" என்றார். புருஷன் பெண்டாட்டியைச் சொல்ல வந்தாலும் அம்மணி, மாமியார் மருமகளை ஏச வந்தாலும் அம்மணி, பக்கத்துத் தோட்டத்துக்காரியோடு வரப்புச் சண்டைக்குப் போன பெரிய மனிதர் ஒருவர் அவளை ஏழெட்டு முறை அம்மணி என்று கூப்பிட்டதில் சண்டையே கெட்டுப்போய், கடைசியில் அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தார். பேசுகிறவன் யார், கேட்கிறவள் எந்தத் தெரு என்று அந்த வார்த்தை பார்க்கவில்லை. வாய் இருந்தது, எதிரில் பெண் இருந்தாள், அது வந்தது.

காங்கயத்திலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார்கள். பத்துப் பதினைந்து பேரின் நாக்கைப் பார்த்துவிட்டு, கூட வந்த நர்ஸிடம், "அம்மணி, அந்த டார்ச்ச இங்க குடுங்க" என்றார். சொன்னதும் ஒரு நிமிஷம் அப்படியே நின்று, பிறகு பையை மூடிக்கொண்டு, வந்த காரிலேயே திரும்பிப் போனார். மாகாளியம்மன் கோயில் பண்டாரம் அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று உடுக்கை எடுத்தார். அந்த ஊரில் அம்மனை அழைப்பது எப்போதும் "வாடி காளி, எறங்கி வாடி" என்றுதான். அன்றைக்கு, "அம்மணி வாங்க, நேரமாச்சுங்க, எறங்கி வாங்க அம்மணி" என்று வந்தது. பண்டாரம் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்லி உடுக்கை அடித்தார். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை, சீக்கிரமே வந்தது, கேட்டவர்களுக்குத் திருநீறு கொடுத்தது, வார்த்தையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மலையேறியது.

ஆக, காரணம் யாருக்கும் தெரியாததால், அர்த்தம் தெரிந்துகொள்ளலாம் என்று பேக்கரியில் கூடினார்கள். ரிட்டையரான தமிழய்யா, அம்மை, அம்மன், அம்மணி மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை என்றார். "பெத்தவ, சாமி, மருவாதைக்குரிய பொம்பள, மூணு பேரையும் ஒரே எடத்துல இருந்துதானுங்க நம்மாளு கூப்புட்டிருக்கான். நடுவுலதான் நாம தெருவுக்குத் தெரு பிரிச்சு வெச்சுட்டோம்." அவர் சொன்னதில் பின்பாதியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த பேங்க் ஆபீசர், "எங்க ஊர்ல அம்மணின்னா கேலி சார். 'அம்மணி கெளம்பிட்டாங்க'ன்னா யாரோ மினுக்கிக்கிட்டுப் போறாங்கன்னு அர்த்தம்" என்றார். அப்படியானால் நம் வாயிலிருந்து வருவதும் கேலிதான் என்று சிலர் ஆறுதல் பட்டார்கள். ஆனால் சொல்லும்போது அது கேலியாக வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு பாலம் ஒன்று இருக்கிறது என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. அக்கரைக்குப் போனால் நாக்கு பழையபடி ஆகிவிடும். சாயங்காலமானால் ஆண்கள் கூட்டமாகப் பாலத்தைத் தாண்டிப் போய், சோளக்காட்டைப் பார்த்து நின்று, அங்கே இல்லாத பெண்களை வாய்க்கு வந்தபடி ஏசி, வயிறு காலியான மாதிரி முகத்தோடு திரும்பி வந்தார்கள். ஒருவன் அங்கே போண்டாக் கடை போட்டான். கொஞ்ச நாளில் ஏச்சு குறைந்து போண்டா அதிகமாகியது. அதற்கும் கொஞ்ச நாள் கழித்து, அவ்வளவு தூரம் நடந்துபோய்க் காட்டைப் பார்த்து நிற்கையில் என்ன சொல்ல வந்தோம் என்பதே சிலருக்கு மறந்துபோனது.

மயிலாளின் புருஷன் ரங்கன் லாரிக்குத் தேங்காய் மூட்டை ஏற்றுகிறவன். முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அம்மணி, கொளம்பு ஆச்சுங்களா?" என்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மயிலாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் ரங்கன் யோசனையாக, "சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்குது. சோத்துல கல்லு கடிபடாத மாதிரி" என்றான்.

ஆனால் அவளுக்கு அது சீக்கிரத்தில் பழகவில்லை. பிறத்தியார் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனவள் போல, எப்போது கேட்டு வாங்கிக்கொள்வார்களோ என்றுதான் முதலில் இருந்தது. கூப்பிட்டால் திடுக்கிடுவாள். எழுந்து நின்றுவிடுவாள். பிறகு ஒரு நாள், களத்தில் குனிந்து கொப்பரை கிண்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ அம்மணி என்று கூப்பிட, என்னங்க என்று சாதாரணமாகத் திரும்பினாள். திரும்பியபோதுதான் தன் வலது தோளில் எதுவோ குறைகிறது என்று தெரிந்தது. குரல் கேட்டதும் காதைத் தொடுகிற மாதிரி தூக்கிக்கொள்ளும் தோள் அது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படித் தூக்கித் தூக்கி, ராத்திரியில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் இருந்தது. அது தூக்கவில்லை. வலி போனபிறகுதான் இத்தனை வருஷம் வலி இருந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

களத்தில் அவளோடு வேலை செய்த வளவுப் பெண்களில் நஞ்சாள்தான் பெரிய வாய்க்காரி. சிரட்டைத் தொட்டியிலிருந்து தேங்காய்ப் பருப்பைக் கிண்டி எடுக்கும் கத்தி ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். அம்மணி எங்கிருந்து வந்தது என்று பேக்கரியில் ஆண்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கையில், அவள் களத்திலேயே அதற்கு ஒரு கதை கட்டிவிட்டாள்.

"ஒரு பஞ்ச காலத்துல காளி பசியெடுத்து ஊருக்குள்ள வந்துச்சாமா. கிழிஞ்ச சேல, எண்ணெ காணாத தலை. ஒரு பண்ணையக்காரன் பாத்துட்டு, ஏ புள்ளே, வந்து களைவெட்டுன்னான். அதுவும் வெட்டுச்சு. பொழுது உழுகறவரைக்கும் வெட்டுச்சு. கூழு வாங்கறப்ப கைய நீட்டுச்சு பாருங்க, பாத்தா எட்டுக் கை! அவன் அப்பிடியே உழுந்துட்டான். அன்னைலருந்து, எந்தப் பொம்பளைக்குள்ள அவ இருக்கறாளோ, பாத்தாத் தெரியாதே, எதுக்கு வம்புன்னு எல்லாப் பொம்பளையவும் அம்மணின்னே கூப்புட்டாங்க. அப்பறம் நாளாவட்டத்துல, வளவுல எல்லாம் அவ இருக்கமாட்டான்னு இவிங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க."

"இது யாரு சொன்னது?" என்றாள் மயிலாள்.

"இப்பத்தான நான் சொன்னேன்" என்றாள் நஞ்சாள்.

சென்னியப்பன் மட்டும் பழகவில்லை. பாலத்துக்குப் போய்வந்தும் அவருக்கு ஆறவில்லை. ஊரில் மற்றவர்களுக்கு அது தும்மல் மாதிரி, வந்தால் வந்துவிட்டுப் போகிறது. அவருக்கு ஒவ்வொரு முறையும் தன் பல்லைத் தானே பிடுங்கிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. பேசாமல் இருந்து பார்த்தார். பிறகு ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒருதரம் ஊதினால் வரவும், இரண்டுதரம் ஊதினால் போகவும் சொன்னார். பெண்கள் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று என்று குழப்பிக்கொண்டதில் ஒரு பாரம் கொப்பரை தப்பான லாரியில் ஏறியது. அன்றைக்கு விசிலைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாரையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"அம்மணிகளா, பொறக்கற மாசத்துல இருந்து நீங்க யாரும் வர வேண்டாமுங்க. வடக்க இருந்து ஆம்பள ஆளுங்க வர்றாங்க. அவிங்ககிட்ட எனக்கு வாய் ஒழுங்கா வருது. இத்தன நாளு ஒழைச்சதுக்கு ரொம்ப சந்தோசமுங்க அம்மணி."

அவ்வளவு மரியாதையாக யாரும் அவர்களை வேலையிலிருந்து நிறுத்தியதில்லை. பதிலுக்குக் கெஞ்சுவதா கத்துவதா என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. சுற்று வட்டாரத்தில் மற்ற களமெல்லாம் பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தன, அங்கேயும் ஆள் நிறைந்திருந்தது.

சாயங்காலம் வளவில் எல்லாரும் கூடினார்கள். நஞ்சாள்தான் முதலில் பேசினாள். "இந்த வார்த்தைய வெச்சு ஒலை பொங்குமா? சாமிகிட்டப் போயி, நீங்களே எடுத்துக்குங்கன்னு சொல்லிப்போட்டு வந்தறலாம். ஏ புள்ளேன்னே கூப்புடட்டும். இத்தன நாளு அதுலதான பொழைச்சோம்?"

"எட்டுக் கைக் கதை சொன்னது நீங்கதானுங்களே அம்மணி?" என்றாள் மயிலாள்.

"கதை சொல்றப்ப வேலை இருந்துச்சு" என்றாள் நஞ்சாள். அதற்கு மேல் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கொஞ்சம் சின்னப் பெண்கள் கூடாது என்றார்கள். புருஷன் இல்லாதவர்கள், பிள்ளை படிக்கிறவர்கள், வேறு வழியில்லை என்றார்கள். முதல் முதலில் வார்த்தை விழுந்தது மயிலாள் மேல்தான், ஆகவே திருப்பிக் கொடுக்கிறவளும் அவளாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவாகி, அவள் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அனுப்பினார்கள்.

கோயில் வாசல் படியில் சரசாத்தா உட்கார்ந்திருந்தாள், சென்னியப்பனின் மனைவி. பூசை முடிந்து கூட்டம் போய்விட்டிருந்தது. மயிலாள் தள்ளி நின்றாள்.

"எதுக்கு வந்திருக்கறீங்கன்னு தெரியுமுங்க அம்மணி" என்றாள் சரசாத்தா. "ஊருக்குள்ள பேசிக்கறாங்க. வேண்டிக்கப் போறீங்களா?"

"வேற என்னங்க அம்மணி பண்றது? பொழப்புப் போவுதுங்களே."

சரசாத்தா கொசுவத்தை நீவிக்கொண்டாள். "எங்கப்பன் ஊட்ல எனக்குப் பேரே அம்மணிதானுங்க. பள்ளிக்கூடத்துல கூப்புட்டாத்தான் சரசுங்கறது நான்னே ஞாவகம் வரும். கட்டிக்கிட்டு இங்க வந்தேன். வந்த அன்னைக்கு மொதக்கொண்டு, ஏய், இவளே, அவ்வளவுதான். ஆரும் அடிக்கல, ஆரும் பட்டினி போடல. ஆனா, அந்தப் புள்ள எங்க போச்சுன்னு ஆருமே கேக்கல. அன்னைக்கு இவரு களத்துல இருந்து வந்து, அம்மணி, தண்ணி குடுங்கன்னாரு. என்ற கையில இருந்த சொம்பு உழுந்துருச்சு. எங்கப்பன் செத்துப் பன்னண்டு வருசமாச்சுங்க. அவரு வந்து கூப்புட்ட மாதிரி இருந்துச்சு."

எங்க அப்பன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லையே என்று மயிலாள் நினைத்துக்கொண்டாள். வார்த்தை ஒன்றுதான், ஒருத்திக்குத் தொலைந்தது திரும்ப வந்திருக்கிறது, ஒருத்திக்கு இல்லாதது இப்போதுதான் வந்திருக்கிறது.

"அவருகிட்ட நானும் சொல்லிப் பாத்துட்டேன், களத்து ஆளுங்கள மாத்தாதீங்கன்னு. கேக்க மாட்டீங்கறாரு" என்றாள் சரசாத்தா. "உங்களப் போயி வேண்டிக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லீங்க. வேண்டாதீங்கன்னு சொல்லவும் எனக்கு என்ன இருக்குது? நீங்க பாத்துச் செய்ங்க அம்மணி." எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போனாள்.

மயிலாள் உள்ளே போகாமல் வழக்கமாக வளவுக்காரர்கள் நிற்கும் கம்பிக்கு வெளியே நின்று அம்மனைப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கில் முகம் கறுப்பாக, கண் மட்டும் வெள்ளியில் இருந்தது. எடுத்துக்குங்க என்று சொல்லத்தான் வந்தாள். வாயைத் திறந்தபோது, "அம்மணி" என்று வந்தது. அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையோடு நெடுநேரம் நின்றாள். தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எலுமிச்சம்பழத்தைக் கம்பிக்கு உள்ளே உருட்டிவிட்டு வந்துவிட்டாள்.

"கேட்டீங்களா அம்மணி?" என்றார்கள் வளவில்.

"கேக்கல. கேக்க முடியல."

நஞ்சாள் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்துதான் கொப்பரை கிண்டினாள், ஆனால் கத்தி மட்டும் ஓடியது.

வேலைக்கு இன்னும் சில நாட்கள்தான் பாக்கி இருந்தன. சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், அந்த வார்த்தை எப்படி வந்ததோ அப்படியே போயிற்று. பேக்கரியில் ஒருவர் செல்போனில் வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று "ஏண்டி, ஒருதரம் சொன்னா ஒறைக்காதா?" என்றார். சொன்னவர் போனையே பார்த்தார். பேக்கரி முழுக்க எழுந்து நின்றது. இன்னொருவர் சொல்லிப் பார்த்தார், வந்தது. மற்றொருவருக்கும் வந்தது. யாரோ ஒரு கட்டு வெடி வைத்தார்கள். ஆனால் வெடிச் சத்தம் ஓய்ந்ததும், கூடியவர்கள் சந்தோஷத்தை என்ன செய்வதென்று தெரியாதவர்கள் போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொல்கிறார்கள்.

பால் வண்டிக்காரர் களத்தின் வழியே போகையில் செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார். கேட்டிருந்தால் நம்மால்தான் போயிற்று என்றாவது இருந்திருக்கும், கேட்காமலே போய்விட்டதே என்று மயிலாள் நினைத்தாள். கை தானாக வேலையைச் செய்துகொண்டிருந்தது. களம் முழுக்கக் கொப்பரை, அந்தப் பருவத்திலேயே அதிகமாகக் காயப்போட்டது, முக்கால்வாசி காய்ந்து வெள்ளை வெளேரென்று பரந்து கிடந்தது. மேற்கே மலைப்பக்கம் வானம் கறுப்பதை யாரும் கவனிக்கவில்லை.

சென்னியப்பன் கவனித்தார். வண்டியை மரத்தடியில் நிறுத்தக்கூட நேரமில்லாமல் கீழே தள்ளிவிட்டு ஓடிவந்தார். புழுதிக்காற்று அவருக்கு முன்னால் வந்தது. இதில் மழை பட்டால் நாளைக்குள் பூஞ்சை பிடித்துவிடும், அத்தனையும் போகும். களத்தின் நடுவே நின்று, வாயைத் திறந்து, பல நாள் கழித்துத் தன் சொந்த நாக்கில் கத்தினார்.

"ஏ புள்ளே! ஓடியா, மழ வருது! எல்லாத்தையும் வாரிக் கூட்டு!"

மயிலாள் கேட்டாள். அவள் கழுத்து பாதி திரும்பிவிட்டது. தோள் மேலே கிளம்பியது. கிளம்பிய தோளைக் கண்டு அவளுக்கே திக்கென்றது. அப்போது பக்கத்தில் பார்த்தாள். நஞ்சாள் திரும்பவில்லை. நஞ்சாள் தலையைக் குனிந்துகொண்டு, கத்தியைத் தொட்டிக்குள் விட்டு, ஒன்றுமே கேட்காதவள்போல் பருப்பை நெம்பிக்கொண்டிருந்தாள். முழுசாக வரவேண்டிய பருப்பு உடைந்து உடைந்து வந்ததை மயிலாள் பார்த்தாள். உடைய உடைய நெம்பினாள். அந்தப் பக்கம் பார்த்தால் மற்றவர்களும் அப்படியே. யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

மயிலாள் கழுத்தைப் பழையபடி திருப்பிக்கொண்டு, தன் வேலையைப் பார்த்தாள்.

"ஏ புள்ளே! காது செவுடா? மழ வருதுங்கறேன்!"

"ஆரோ ஆரையோ கூப்புடறாங்களாட்ட இருக்குதுங்க அம்மணி" என்றாள் நஞ்சாள், பேச்சை நிறுத்தியிருந்தவள், மயிலாளைப் பார்த்து, நன்றாக உரக்க.

"ஆமாங்க அம்மணி" என்றாள் மயிலாள். "இங்க அப்பிடி ஆரும் இல்லீங்களே."

முதல் தூறல் விழுந்தது. சென்னியப்பன் கத்தினார், ஏசினார், இத்தனை நாள் பாலத்துக்கு அக்கரையில் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். கொட்டினது காற்றோடு போனது. ஒற்றை ஆளாகத் தார்ப்பாயை இழுக்கப் போனார். காற்று அதற்குள் புகுந்து தூக்க, ஒரு மூலையைப் பிடித்தால் மறுமூலை பறந்தது, பறந்த மூலை அவரையும் இழுத்துக்கொண்டு போய்க் கொப்பரை மேல் உட்கார வைத்தது. மயிலாளுக்கு அப்போது பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. பரந்து கிடந்த கொப்பரையில் பாதி அவள் கை உடைத்தது, அவள் கை திருப்பிப் போட்டது. அது நனைகிறதே என்று உள்ளங்கை பரபரத்தது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அவளே எழுந்து ஓடியிருப்பாள்.

சென்னியப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. வாய் அசைந்தது. காற்றில் என்னவென்று கேட்கவில்லை. பிறகு மறுபடியும் அசைந்தது.

"அம்மணி!" என்றார். யாரும் அவர் நாக்கைப் பிடித்து இழுக்கவில்லை. அவரே சொன்னார். "அம்மணி, வாங்க! புண்ணியமாப் போவுது, எல்லாரும் வாங்க!"

அதற்குமேல் அவர்கள் உட்காரவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்ததில் மடியிலிருந்த தொட்டிகள் நாலா பக்கமும் உருண்டன. மரப்பலகையால் தள்ளுகிறவள் தள்ள, கூடையில் அள்ளுகிறவள் அள்ள, சேலை முந்தியில் வாருகிறவள் வார, களத்தின் நாலு மூலையிலிருந்தும் கொப்பரை நடுவில் அம்பாரமாக ஏறியது. மயிலாளும் நஞ்சாளும் தார்ப்பாயின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓடினார்கள். "அம்மணி, உங்க பக்கம் கல்லு வெய்ங்க!" "வெச்சாச்சுங்க, நீங்க இழுங்க அம்மணி!" என்று கத்தல். மூன்றாவது முனையில் சென்னியப்பன் இழுத்தார். நாலாவது முனை கட்டப்பட்டபோது மழை பொத்துக்கொண்டு ஊற்றியது. ஓரத்தில் இரண்டு மூன்று கூடை நனைந்தது, அவ்வளவுதான்.

எல்லாரும் தகரக் கொட்டகைக்குள் ஓடி வந்து நின்றார்கள். மூச்சு வாங்கியது. யாருக்கோ சிரிப்பு வந்தது, அது அடுத்தவளுக்குத் தொற்றியது, நஞ்சாள் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சென்னியப்பன் கொட்டகையின் அந்தக் கோடியில், துண்டால் தலையைத் துவட்டியபடி மழையைப் பார்த்து நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்கு வெயிலு வந்தா மறுபடி பிரிச்சுக் காயப் போடோணும். வடக்கத்தி ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாரும் வந்துருங்க. மாசம் பொறந்தாலும் வந்துருங்க." தொண்டையைச் செருமி, "அம்மணி" என்று சேர்த்தார்.

"வந்தர்றோமுங்க" என்றாள் மயிலாள்.

பிறகு நனைந்த முந்தியைப் பிழிந்து உதறிவிட்டு, சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டி உட்கார்ந்தாள். நஞ்சாள் அவள் பக்கத்தில் நகர்ந்து வந்து ஏதோ சொன்னாள். தகரத்தின் மேல் மழை அப்படிக் கொட்டியது, பக்கத்தில் இருப்பவள் பேசுவதுகூடக் காதில் விழவில்லை. விழாவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது. மயிலாள் கண்ணை மூடிக்கொண்டாள்.